அரளிக் கஷாயம்

செம்மண்டலம், கடலூர்
4.11.2009

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு, ஆண்டவர் துணையிருக்க அம்மா எழுதுவது.

பூனாவில் குளிர் ஆரம்பித்திருக்கும். ஸ்வெட்டர் போட்டுக்கொள். இங்கே மூன்று நாளாக விடாத மழை. கல்லறைத் திருநாளன்று அப்பாவுக்கு ஏற்றிய மெழுகுவத்தி நின்று எரியவேயில்லை. பக்கத்தில் நின்ற எதிர்வீட்டு ஜெயராணி, "அரளி குடிச்சி செத்தவருக்கு எத்தினி மெழுகுவத்தி வச்சா என்னா"ன்னு கேட்கிறாள். அவள் வாய் புழுத்துப் போக! ஆனாலும் நான் பதில் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

ஈஸ்டருக்கு வந்தபோது உன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாயே, அரளியில் ஏதோ ஸ்டீராய்டு இருக்கிறது, கண்ணாடித் தட்டில் கேன்சர் செல்லெல்லாம் அதில் செத்துப்போகிறது என்று. இன்னும் மருந்தாகவில்லை, கொஞ்சம் கூடினாலும் இருதயத்தை நிறுத்திவிடும் என்றும் சொன்னாய். சிதம்பரம் கேன்சர் டாக்டர், "இனிமே ஊசி வேணாம்மா, வீட்டுக்கு அழைச்சிட்டுப் போங்க" என்று கைவிரித்த அன்று, நீ முதலில் சொன்னது மட்டும்தான் எனக்கு நினைவில் நின்றது.

காய்ச்சல் வந்தால் நிலவேம்பு காய்ச்சுவேனே, அதே சட்டியில் அரளி இலையைப் போட்டு நான்தான் காய்ச்சினேன். அப்பாவிடம் சொல்லித்தான் கொடுத்தேன். "எம்பொண்ணு மருந்தா, குடு குடு" என்று சிரித்துக்கொண்டே குடித்தார்.

வாந்தி நிற்கவில்லை. நாடி விட்டு விட்டு அடித்தது. ஆஸ்பத்திரியில் என்ன குடித்தார் என்று கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள், "வலி தாங்கல சார், நானே அரைச்சிக் குடிச்சிட்டேன், இவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டார் உன் அப்பா. போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது. நான் பாவி, வாயை மூடிக்கொண்டேன். "எங்கிட்டகூட சொல்லாம போயிட்டாரே" என்று நீ சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதபோதும் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் சாகக் குடிக்கவில்லை கண்ணு. கிறிஸ்மசுக்கு நீ வரும்போது ஸ்டேஷனுக்கு வரணும் என்றுதான் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறேன். பிறகு போலீசிலும் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் உனக்குத் தெரியவேண்டும்.

திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. மாதா உன்னை நல்லபடி வைக்கட்டும். கிறிஸ்மசுக்கு வருவாயா? வந்தால், என் கையால் ஒரு வாய் சாப்பிடுவாயா?

உன் அம்மா,
பாத்திமா மேரி