கொட்டிவிட்ட சூப்

குட்டிம்மாவுக்கு,

விடுமுறை டியூட்டி என் தலையில் விழுந்துவிட்டது. மூன்று கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்க வேண்டும். ஞாயிறு மதியம்தான் வருவேன். நீ தூங்குகிறாய். எழுப்பினாலும் என்னோடு பேசமாட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

பிரிட்ஜ் மேல்தட்டில் வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி இருக்கிறது. இப்போதே உப்புப் போட்டால் நீர் விட்டுவிடும்; சாப்பிடும்போது போட்டுக்கொள். உருளைக்கிழங்கை வேகவைத்து உரித்துவிட்டேன். வெண்ணெயில் புரட்டி ரொட்டிக்குள் வைத்தால் போதும். இந்த வெயிலில் அதற்கு மேல் அடுப்படியில் நிற்காதே.

காய்கறி சூப்பும் வைத்தேன். வழக்கம்போல் வாசனைக்கு ஒரு சூப் கட்டியைக் கரைத்த பிறகுதான் உறையில் இருந்த கோழிப் படத்தைக் கவனித்தேன். சொல்லாமல் விட்டிருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. பாத்திரத்தோடு கொட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை, "கறி வேண்டாம்னா பட்டினி கிட" என்றது என் வாய்க்கொழுப்பு. நீ "சரிப்பா" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனது மூன்று நாளாக என்னை அரிக்கிறது.

அப்பா

பி.கு.: சாவி செருப்பு அலமாரியின் மேல்.

இன்னொன்று: ஞாயிறு மதியம் நீ என்ன சாப்பிடுகிறாயோ, அதிலேயே எனக்கும் ஒரு தட்டு எடுத்து வை. வரும் வழியில் கறிக்கடைப் பக்கம் போகமாட்டேன்.