மூன்று விரல் மண்ணீரல்

இன்று காலை வார்டு வாசலில் எனாமல் பேசினில் டெட்டால் தண்ணீர் வைத்திருந்தார்கள். பக்கத்தில் மடிப்புக் கலையாத புதுத் துண்டு. தேர்வாளர்கள் ஒவ்வொரு நோயாளியையும் தொட்ட பிறகு கை கழுவுவதற்காக. முதல் தடவையாகத் தேர்வாளராகப் போயிருக்கிறேன் அல்லவா, பெருமையாகக் கையை விட்டேன். வாசனை மூக்கில் ஏறியதும் நம் தேர்வு நாள் ஞாபகம் வந்தது, கூடவே நீயும் வந்துவிட்டாய். என் பெருமையை ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நீ அனுபவிக்க விட்டதில்லை. செத்த பிறகும் அதே வழக்கம்தான்.

நம் கல்லூரியில் மதிப்பெண் போடும் விதம் ஆவடி குவார்ட்டர்ஸில் யாருக்கும் புரிந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்கிய பெண்கள், டாக்டருக்குப் படிக்கப் போய் ஐம்பத்திரண்டு வாங்கிக்கொண்டு சிரித்த முகமாகத் திரும்பி வந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? எழுத்துத் தேர்வில் தனியாக ஐம்பது வேண்டும், நோயாளியைப் பரிசோதித்துக் காட்டும் தேர்வில் தனியாக ஐம்பது வேண்டும். ஒன்றில் சறுக்கினாலும் ஆறு மாதம் போச்சு. எழுபத்தைந்தைத் தொட்டால் டிஸ்டிங்ஷன். நாற்பத்தொன்பது மட்டும் யாரும் போடமாட்டார்கள். தேறட்டும் என்று நினைத்தால் ஐம்பது, வேண்டாம் என்று நினைத்தால் நாற்பத்தைந்து. அதனால் சரியாக ஐம்பது வாங்கியவளைப் பார்த்தால், யாரோ இரக்கப்பட்டிருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

உன் அப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் ராணுவ டாங்க் தொழிற்சாலையில் ஒரே பட்டறையில் வேலை. உன் மார்க் எங்கள் வீட்டுக்கு என் மார்க்குக்கு முன்பே வந்து சேரும். எல்லாப் பாடத்திலும் நீ என்னைவிட நாலைந்து கூட. பெரிய வித்தியாசமாக இருந்திருந்தால் விட்டுத் தொலைத்திருப்பேன். நாலைந்து என்பதுதான் மனுஷியைத் தூங்கவிடாது. கடைசி வருஷம் பொது மருத்துவத்தில், கல்லூரிக்குள் வைத்த தேர்வுகளில், நான் முந்தியிருந்தேன். ஒரே ஒரு பாடத்திலாவது உன் பெயருக்கு மேலே என் பெயர் வர வேண்டும். அந்த ஆசையில் ஆவடியிலிருந்து சென்ட்ரல் வரை புத்தகத்தை மடியில் விரித்தபடி போவேன். நீ எதிர் சீட்டில் உட்கார்ந்து, நோயாளியின் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதுபோல் சீட்டுப் பலகையை விரலால் தட்டித் தட்டி எங்கே சத்தம் மாறுகிறது என்று கேட்டுக்கொண்டு வருவாய். அம்பத்தூரில் ஏறும் கம்பெனிப் பெண்கள் உன்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள்.

இறுதித் தேர்வில் நம் இருவருக்கும் ஒரே அம்மாள் வந்தார். தேர்வுக்கென்றே வருஷா வருஷம் கூப்பிடப்படும் பழைய நோயாளி, நம்மைவிட அதிகத் தேர்வு பார்த்தவர். நான் வயிற்றில் கை வைப்பதற்கு முன்பே, தேர்வாளர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, "மண்ணீரல் மூணு விரல் கீது டாக்டரம்மா. சொல்லிடு, பாஸ் போட்டுடுவாங்க," என்றார். இப்படிச் சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகளைக் கரையேற்றுவது அவர்கள் வழக்கம், காதில் வாங்கிக்கொள்வது நம் வழக்கம். உனக்குத் தெரியாததா, வீங்கினால்தான் மண்ணீரல் விலாவுக்குக் கீழே இறங்கிக் கைக்குப் படும். கையை வைத்தேன். விலா எலும்புக்குக் கீழே மூன்று விரல், பட்டது. இன்றைக்கும் சொல்கிறேன், என் விரலில் பட்டது.

அடுத்து நீ. நான் பக்கத்துக் கட்டிலருகே காத்திருந்தேன். நீ உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாய். அந்த அலட்டல் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அந்த அம்மாள் உன்னிடமும் முணுமுணுத்தார். நீ வெகுநேரம் தடவிவிட்டு, "மண்ணீரல் கையில படலை சார்," என்றாய்.

"முன்னால வந்தவங்க எல்லாரும் மூணு விரல்னாங்களே?"

"இருக்கலாம் சார். எனக்குப் படலை."

தொலைந்தாய், இந்தத் தடவை நான்தான் என்று நினைத்தேன். தேர்வாளர் மெல்லத் தலையாட்டினார். அந்த அம்மாளுக்கு மருந்து வேலை செய்து மண்ணீரல் சுருங்கிப்போய் மாதங்கள் ஆகியிருந்தனவாம். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. பாவம், பழைய பாடத்தையே ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

உனக்கு எண்பது, கூடவே மெடல். எனக்குச் சரியாக ஐம்பது.

"பாஸ்தானேம்மா?" என்றார் அப்பா.

"பாஸ்தான்."

"அந்தப் பொண்ணுக்கு எண்பதாமே. ரெண்டு பேரும் ஒரே ரயில்லதானே போறீங்க?"

மறுநாள் ரயிலில் நீ சொன்னாய்: "இருக்கும்னு நெனச்சுத்தான்டி நானும் தேடினேன். இல்லாததை எப்படிச் சொல்றது?" பெருமைக்காகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் எரிந்தது. நீ கொஞ்சம் பீற்றிக்கொண்டிருந்தால், உன்னை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

பிறகு நீ ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் கிளினிக் போட்டாய். நான் மேலே படித்துக் கல்லூரியில் ஆசிரியையானேன். முந்திவிட்டேன் என்றே நினைத்தேன். போன வருஷம் மூளையில் ரத்தம் கசிந்து ஒரே நாளில் நீ போய்விட்டாய். உன்னிடம் வந்தவர்கள் சிலர் மாலையில் என் கிளினிக்குக்கு வர ஆரம்பித்தார்கள். மீன் விற்கும் ஓர் அம்மாள் என் கை பட்டதும் நெளிந்தாள். "இன்னாம்மா, கை ஜில்லுனு கீது. அந்தம்மா வெச்சா கதகதன்னு இருக்கும்." அவள் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பாதி உனக்காக, பாதி பொறாமையில்.

இன்றைய தேர்வுக்கு, மண்ணீரல் சுருங்கிப்போன ஒருவரை நான்தான் கேட்டு வரவழைத்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும். அவரும் வருகிறவர்களுக்கெல்லாம் "ரெண்டு விரல்" என்று கிசுகிசுத்தார். அவர்களும் அப்படியே சொன்னார்கள், நானும் இரக்கப்பட்டு ஐம்பது போட்டேன். அப்புறம் ஒரு பெண் வந்தாள். வேப்பம்பட்டிலிருந்து, நம் பாதையிலேயே, ரயிலில் வருகிறாளாம். வெகுநேரம் தேடிவிட்டு, "படலை மேடம்," என்றாள்.

"முன்னால வந்தவங்க எல்லாரும் ரெண்டு விரல்னாங்களே?"

கேட்கும்போதே, இவள் தடுமாறட்டும், 'ஆமாம்' என்று சொல்லித் தொலைக்கட்டும் என்று எனக்குள் ஒருத்தி வேண்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் படலை மேடம்."

எழுபத்தொன்பது என்று எழுதத்தான் கை போனது. எண்பதே போட்டேன்.

கை கழுவிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகும்போது நர்ஸ், "குளிருதா மேடம்?" என்று கேட்டாள். அப்போதுதான் பார்த்தேன், உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

"இல்லம்மா, பழக்கம்," என்றேன். யாருடைய பழக்கம் என்று அவளிடம் ஏன் சொல்ல வேண்டும்?