இடது கையால் எழுதியது

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவள் எழுதுவது. நீயும் மாமாவும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உறையின் மேல் விலாசம் எப்போதும்போல மெஷினில் அடித்திருக்கும். அம்மாவின் கடிதம் என்று நினைத்துத்தான் பிரித்திருப்பாய். இது அம்மாவின் கடிதம் இல்லை. நின்றுகொண்டு படிக்காதே, எங்கேயாவது உட்கார்ந்துகொள். படித்துவிட்டு மாமாவிடமும் காட்டு.

எழுதுவது நான்தான் என்று நீ எப்படி நம்புவாய் என்று யோசித்தேன். நீ போகும்போது நான் ஆறாம் வகுப்பு. என் வலது கை எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. அதனால் இடது கையால் எழுதுகிறேன். எழுத்தெல்லாம் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா? வரிமேல் மை இழுபட்டிருக்கிறதா? கைக்கு அடியில் துண்டுத் தாள் வைத்துக்கொண்டு எழுது என்று சமையலறைக் கதவுக்குப் பின்னால் உட்காரவைத்து நீதான் சொல்லிக்கொடுத்தாய். இந்தப் பக்கத்தில் வேண்டுமென்றேதான் வைக்கவில்லை.

நீ போன பிறகு நான் எழுத உட்கார்ந்தால் அப்பா என் இடது மணிக்கட்டை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார். பழைய டைப்ரைட்டர் ரிப்பனால்தான் கட்டுவார். மெஷினில் உட்காரும்போது அவிழ்த்துவிடுவார், அதற்கு இரண்டு கையும் வேண்டுமே. தினமும் காலையில் இடது கையை நீட்டச் சொல்லி மை பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். இதை முடித்ததும் எழுத்தச்சு துடைக்கிற மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொள்வேன். நம் தட்டச்சுக் கடையில் எல்லார் கையிலும் அந்த வாடை இருப்பதால் சந்தேகம் வராது.

விளக்கு எரிய அனுமதி வாங்கியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி. எழுதுவதற்கு ஏற்றது கையா, தட்டச்சா, கணினியா என்பது தலைப்பு. கேட்டதும் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "நம்ம கடையைப் பார்த்துட்டுத்தான் குடுத்திருக்காங்க. மெஷின்னு எழுது. கை நடுங்கும், மெஷின் நடுங்காது" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். அவர் கட்டிய முடிச்சை அவிழ்த்துவிட்டு, கட்டுரை நோட்டைத் திறந்து வைத்து அதற்கு அடியில் உனக்கு எழுதுகிறேன். அடுத்த அறையில் அப்பா இருமினால் நோட்டை மேலே இழுத்துவிடுவேன். பாதி வரியில் நின்று தொடர்ந்திருந்தால் அதுதான் காரணம்.

கட்டுரைக்கு யோசித்ததைவிட இந்தக் கடிதத்துக்குத்தான் அதிகம் யோசித்தேன். கடைக் கணினியில் அடித்தால் எந்தத் தேதி, எத்தனை மணி என்று அது குறித்து வைத்துக்கொள்ளும். அழித்தாலும் தோண்டி எடுத்துவிடலாம் என்று அதில் வேலை செய்கிற கண்ணாடிக்காரம்மா பெருமையாகச் சொல்வார்கள். பிரின்டர் கத்துகிற கத்தலில் தெருவே எழுந்துவிடும். டைப்ரைட்டர் சத்தமோ அப்பாவுக்குத் தூக்கத்திலும் கேட்கும். எந்த மெஷின், யார் கை என்றுகூடச் சொல்லிவிடுவார். அதெல்லாம் இல்லாவிட்டாலும் மெஷினில் அடித்திருக்கமாட்டேன். மெஷினில் அடித்து ஒரு வருஷத்துக்கு மேலாக உனக்கு வந்ததெல்லாம் பொய், அக்கா.

அம்மா இறந்து பதினான்கு மாதம் ஆகிறது.

இதை மெதுவாகச் சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா என்று மூன்று நாளாகப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

கை நடுங்குகிறது, இனிமேல் சின்னவள்தான் அடிப்பாள் என்று ஒரு கடிதம் வந்ததே, அது அம்மாவே சொல்லி நான் அடித்தது. அதற்குப் பிறகு வந்த ஐந்தும் அம்மாவுடையதுதான். மழையில் சுவர் ஊறிவிட்டது என்று இருந்ததல்லவா, அதுதான் கடைசி. அதன் பிறகு வந்த பதினொன்றும் அப்பா சொல்லி நான் அடித்தவை. அம்மாவைக் கொண்டுபோய்விட்டு வந்த அன்று சாயங்காலமே அப்பா மெஷின் மேல் மூடியிருந்த துணியை எடுத்தார். அக்காவுக்குச் சொல்லவேண்டாமா என்று கேட்டேன். "செத்த வீட்டுக்கு வந்தா புருஷனோட, நாலு ஆளோட வருவா. அம்மா கூப்பிட்டா தனியா வருவா. அடி" என்றார்.

ஆனால் அப்பாவுக்கு அம்மா மாதிரி பேச வரவில்லை. வாயைத் திறந்தால் கோர்ட்டு மனுவாகவே வந்தது. மேற்படி விஷயத்தில் உன் தகப்பனார் உன்னை மன்னித்துவிட்டபடியால் நீ உடனடியாக வரவும் என்பார். நான்தான் அங்கங்கே மாற்றி, கண்ணு என்று சேர்த்து, முழங்கால் வலி வைத்து, சரிசெய்வேன். என்னைப் பற்றியும் சொல்லுவார். சின்னவள் மந்தம்தான், ஆனால் சொன்னதைக் கேட்கிறாள் என்று என்னையே அடிக்கச் சொன்னார். அதில் ஒரு பிழை விழுந்தது. பிழை விழுந்த தாளைச் சுருட்டி வாயில் போட்டு விழுங்கச் சொல்வது புதுப் பழக்கம். தாள் பரவாயில்லை. கார்பன் பட்ட தாள்தான் கசக்கும்.

உன் பதில்களை முதலில் பிரிப்பவர் அப்பா. பிறகு என்னிடம் எறிவார். அம்மா, மருந்து சாப்பிடு. அம்மா, குளிரில் வாசல் கழுவாதே. அம்மா, பாப்பா சிரித்தால் உன் மாதிரியே இருக்கிறது. இந்த வீட்டுக்குள் அப்படி யாரும் யாரிடமும் பேசுவதில்லை. நான் அதையெல்லாம் எனக்கு வந்தது என்று வைத்துக்கொண்டு படித்தேன். பதினொரு கடிதத்தில் மூன்றில்தான் சின்னவளைக் கேட்டதாகச் சொல் என்று எழுதியிருந்தாய். உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. அம்மா போனது இவளுக்குத் தெரியக்கூட இல்லை, நிம்மதியாக இருக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு தடவை, தெரியாமலே கிடக்கட்டும் என்றும் நினைத்தேன்.

இப்போது எழுதப்போவதுதான் கஷ்டம்.

கடிதம் அடித்ததும் கார்பன் நகலை அப்பா வாங்கிப் படித்துக் கோப்பில் போட்டுக்கொள்வார். அசல் என்னிடம் இருக்கும், உறையில் போட்டு ஒட்டுவதற்காக. போன மாதம் அந்த அசலைத் திரும்பவும் மெஷினில் செருகி, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். எடுத்துப் பார், மற்ற வரிகளோடு சேராமல் கொஞ்சம் கோணலாக இருக்கும். பின்குறிப்பு, ஒரு தடவை வந்து என் பக்கத்தில் படுத்துக்கொள், பாப்பாவையும் கூட்டி வா என்று. அப்பா சொல்லி அடித்ததில்லை அது. அம்மா சொன்னதும் இல்லை. உன்னைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத்தான் இருந்தது.

அம்மா சொன்னது வேறு. சுவர் ஊறிய கடிதத்தை அடித்தபோது கடைசியாக ஒரு வரி சொன்னாள். "நான் எப்படிக் கிடந்தாலும் சரி, இந்த வீட்டுப்பக்கம் வராதேன்னு அவளுக்கு எழுது" என்றாள். அப்பா கதவருகில் நின்றிருந்தார். நான் அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று கேட்கக்கூட அம்மாவுக்குத் தெம்பு இல்லை, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த வரியை அடிக்காத நான்தான் இந்த வரியை அடித்தேன்.

போன வாரம் உன் பதில் வந்தது. அந்தப் பின்குறிப்பைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, இருபதாம் தேதி பாப்பாவோடு புறப்படுகிறேன், அவருக்கு லீவு கிடைக்கவில்லை, நான் மட்டும் வருகிறேன் என்று எழுதியிருந்தாய். அப்பா என்னைக் கூப்பிட்டு எந்தப் பின்குறிப்பு என்று கேட்டார். சொன்னேன். மரஸ்கேலை எடுப்பார் என்று கையை நீட்டிவிட்டேன். அவர் சிரித்தார். "பதினாலு மாசமா தட்டித் தட்டிப் பார்க்கறேன், திறக்கல. நீ ஒரே வரியில திறந்துட்டியே. மந்தம்னு நினைச்சேன் உன்னை" என்று முதுகில் தட்டினார். மறுநாள் எனக்கு ஒரு மைப்பேனா வாங்கிவந்து கொடுத்தார். அந்தப் பேனாவால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பழைய மெஷின்கள் கிடந்த மாடி அறை உனக்கு நினைவிருக்கும். அதைக் காலிசெய்தாயிற்று. தச்சர் வந்து உள்பக்கம் இருந்த தாழ்ப்பாளைக் கழற்றி வெளிப்பக்கம் போட்டார். ஜன்னலுக்குக் கம்பி வைத்தாயிற்று. உள்ளே ஒரு பாய், ஒரு மேசை, நீ அடித்துக்கொண்டிருந்த அந்தக் கனத்த மெஷின். உத்தரத்தில் ஒரு கொக்கியும் போடச் சொன்னார், தொட்டில் கட்டவாம். தச்சர் யாருக்கு என்று கேட்டதற்கு, "பொண்ணு வரா. மூணு வருஷத்து வேலை பாக்கி இருக்கு" என்றார். மாமாவைப் பற்றிக் கேட்டதற்கு, "அந்த எண்ணெய்க்கையன் மெஷின் ரிப்பேருக்கு வந்து என் ஆளைக் கழட்டிட்டுப் போனான். வேணும்னா வந்து தெருவுல நின்னு கத்தட்டும்" என்றார்.

இன்று சாயங்காலம், உடனே புறப்பட்டு வா கண்ணு என்று அம்மா பேரில் ஒரு கடிதம் அடிக்கவைத்தார். எழுத்துக்கு எழுத்து படித்துப் பார்த்து, மடித்து ஒட்டச் சொன்னார். நுனியில் மட்டும் பசை தொட்டு ஒட்டினேன். காலையில் அவரே தபால்பெட்டியில் போடுவதற்காக மேசையில் வைத்திருந்தார். இப்போது அது என்னிடம் இருக்கிறது. அந்தக் கடிதத்தை எடுத்துவிட்டு இதை வைக்கிறேன். கார்பன் நகலுக்கு வைக்கும் மெல்லிய தாள் இது, இரண்டு சேர்ந்தால் அந்த ஒரு தாளின் கனம்தான் வரும். அவர் கையாலேயே போடட்டும். எடுத்த கடிதத்தை நான் விழுங்கிவிடுவேன், அதில் எனக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை.

நீ வராதே அக்கா. எனக்காகவும் வராதே, மாமாவோடு சேர்ந்தும் வராதே. ஆனால் சும்மா வராமல் இருந்துவிட்டால் இருபத்தொன்றாம் தேதி அப்பா என்னைக் கேட்பார். அதனால் இதைப் படித்த அன்றைக்கே அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுது. அம்மா இருக்கிறமாதிரியே எழுது. பாப்பாவுக்குக் காய்ச்சல், டாக்டர் பயணம் கூடாது என்றுவிட்டார், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று எழுது. அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் கேள். அது நான் வைத்த வலி, இருந்தாலும் நீ எப்போதும் கேட்பாய், இந்தத் தடவை விட்டுப்போனால் அவருக்குத் தெரிந்துவிடும். அழுதுகொண்டே எழுதாதே. தாளில் ஈரம் பட்டிருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

அடுத்த மாதமும் ஏதாவது சொல். அதற்கடுத்த மாதமும். நான் பதில் அடித்துக்கொண்டே இருப்பேன். அதில் வா என்று எத்தனை தடவை இருந்தாலும் நம்பாதே. கடிதத்தின் கடைசியில் சின்னவளைக் கேட்டதாகச் சொல் என்று ஒரு வரி சேர்த்துவிடு. இது உன் கைக்கு வந்தது என்று நான் தெரிந்துகொள்வேன். அது போதும்.

நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை, சின்னவள்

பின்குறிப்பு: பாப்பா எதைக் கொடுத்தாலும் இடது கையால்தான் வாங்குகிறாள் என்று போன கடிதத்தில் அம்மாவுக்கு எழுதியிருந்தாய். அந்த வரிக்குக் கீழே அப்பா பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். அவள் அந்தக் கையாலேயே வாங்கட்டும் அக்கா.