நான் துடைத்த புள்ளிகள்

மார்ச் 3
என் புது முறைக்கு இன்று கைதட்டல். ரேடார் தருவது படமில்லை, திறந்தவெளிச் சுரங்கத்தின் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலிதான். அதிலிருந்து படத்தை நாம்தான் கணக்குப் போட்டு எழுப்ப வேண்டும். முன்பு மணலை வாரி இறைத்தது போல இரைச்சலாக இருக்கும். இப்போது சுவர் எங்கே எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று பளிச்சென்று தெரிகிறது.
“இனிமே சும்மா சும்மா அலாரம் அடிக்காதுல்ல?” என்றார் சுரங்க மேலாளர்.
“அடிக்காது சார்.”

மார்ச் 9
அண்ணன் சாப்பிட வந்தான். வடக்குச் சுவருக்கு நேர் கீழேதான் லாரி ஓட்டுகிறான். “சின்னச் சின்னக் கல்லா உருண்டு வருது. உன் ரேடார் என்ன சொல்லுது?”
ஒன்றுமில்லை, நிம்மதியாக ஓட்டு என்றேன்.

மார்ச் 10
அந்தக் கல் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. கணக்குக்கு முந்தைய எதிரொலிகளைத் திறந்து பார்த்தேன். வடக்குச் சுவரில் ஏழு புள்ளிகள், நாளுக்கு நாள் வேகமாக நகர்கின்றன. என் படத்தில் அந்த இடம் சுத்தம்!
அக்கம்பக்கத்துப் புள்ளிகள் ஏறக்குறைய ஒன்றாகவே நகரும் என்று என் கணக்கு முன்கூட்டியே நம்புகிறது. தனியாகத் துள்ளுவதை இரைச்சல் என்று தள்ளிவிடுகிறது. அந்த வரியை எழுதியவள் நான். படம் அழகானதே அந்த வரியால்தான்.
ஒருவேளை நிஜமாகவே இரைச்சல்தானோ? மழை ஈரம்கூட எதிரொலியைக் குழப்பும்.

மார்ச் 11
பக்கத்து மேஜை சோடாபுட்டிக் கண்ணாடிக்காரனோடு உட்கார்ந்து, கணக்கின் அந்த நம்பிக்கையைத் தளர்த்தி மறுபடி கணக்குப் போட்டேன்.
“பத்துக்கு ஏழு வாய்ப்பு, இது நிஜம்” என்றான்.
“மிச்சம் மூணு?”
“அது உனக்கு வேலை போற கணக்கு.”
மேலாளரிடம் போனேன். “என் தப்பு சார். படத்தைச் சுத்தம் பண்றேன்னு ஆபத்தையும் சேர்த்துத் துடைச்சிட்டேன்.”
“வேலையை எத்தனை நாள் நிறுத்தணும்?”
“தெரியல சார்.”
“மூணு நாள். அதுக்கு மேல ஒரு மணி நேரம்கூடக் கிடையாது.”

மார்ச் 12
சுரங்கத்தில் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஒன்றும் விழவில்லை.

மார்ச் 13
விழவில்லை. கேன்டீனில் யாரோ, “ரேடாரம்மா வர்றாங்க, தலையக் குனிஞ்சுக்கோ” என்றான். ஒரே சிரிப்பு.

மார்ச் 14
விழவில்லை. புள்ளிகளின் வேகமும் குறைந்திருக்கிறது. சுவர் விழணும்னு வேண்டிக்கிறேனா நான்? என்ன பொழப்பு இது!
நாளை ஆறு மணிக்கு வேலை தொடங்குகிறது. முதல் ஷிப்டில் அண்ணன்.
“போகாதண்ணா.”
“நீ சொன்னா நம்புறேன். ஆனா நான் லீவு போட்டா, அந்த லாரில வேற எவனாவது ஏறுவான்ல?”


மார்ச் 15
ஐந்தரைக்கே கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விட்டேன். ஆறு மணிக்கு லாரிகள் இறங்கின. ஆறேகாலுக்கு வேகம் இரண்டு மடங்கு — ஏழாக இருந்த புள்ளிகள் நாற்பதாகப் பரவிவிட்டன. மேலாளருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. சைரனைத் தொட எனக்கு அதிகாரம் கிடையாது.
அழுத்திவிட்டேன்.

மார்ச் 24
அனுமதியில்லாமல் சைரன் அடித்ததற்கு விளக்கக் கடிதம் கேட்டிருந்தார்கள். இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தேன். மேலாளர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, “டீ சாப்பிடுறீங்களா?” என்றார்.
அண்ணனுக்கு வேறு லாரி கொடுத்திருக்கிறார்கள். பழையதைச் சரிந்த சுவருக்கடியிலிருந்து இன்னும் தோண்டி எடுத்தபாடில்லை.