கருமடுவில் புள்ளிக் கெளுத்தி

ஜூலை 9, 2094. காலை 7:10
கருமடு, நீரடி ஆய்வுக்கூண்டு. பதிவு: தில்ஷாத் பேகம், மீன் ஆய்வாளர். தண்ணீர் தெளிவு. புள்ளிக் கெளுத்தி ஆண் பாறை இடுக்கிலேயே இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்து இந்த இனத்தில் மிஞ்சிய ஒரே ஆண். பெண் முட்டையிட்டதோடு போய்விட்டது. குஞ்சுகள் பொரிந்துவிட்டன, இன்னும் நீந்தவில்லை. தகப்பன் இரை தேடப் போவதே இல்லை. குஞ்சுகளுக்கு ஆக்சிஜன் கிடைக்க வாலால் தண்ணீரை விசிறிக்கொண்டே இருக்கிறது. பொரிக்காமல் போன சொத்தை முட்டைகளை வாயால் பொறுக்கித் தள்ளுகிறது. இதையெல்லாம் இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

பகல் 11:40
கரை நிலையத்திலிருந்து மாரப்பன்: "டாக்டரம்மா, மேல் அணையில அடிமதகைத் திறந்துட்டாங்க. சேறு வருதுங்க. உடனே ஏறி வாங்க."
கூண்டின் மேல்மூடியைத் தொடுவதற்குள் சேறு கறுப்பாக வந்து மோதியது. மூடிமேல் சேறு. அசைக்க முடியவில்லை.

பிற்பகல் 1:05
மாரப்பன்: "ஆள் இறக்க முடியலைங்க, இழுப்பு அப்படி. விடிஞ்சாத்தான் ஆகும். காத்து இருக்குதுங்களா?"
இருக்கிறது. சிக்கனமாக இருந்தால் விடியும்வரை வரும்.
வெளியே தண்ணீரில் ஆக்சிஜன் சரிகிறது. கெளுத்தி மேலே போனால் பிழைக்கும். போகவில்லை. இருட்டிலும் காட்டும் இடுக்குக் கேமராவின் திரையில் பார்க்கிறேன், விசிறல் வேகமாகிவிட்டது.

பிற்பகல் 3:30
நீர்மாதிரி எடுக்கும் குழாய் இடுக்குவரை போகிறது. என் காற்று சிலிண்டரை அதில் இணைத்துவிட்டேன்.
கரையில் காற்றின் அளவு இறங்குவதைப் பார்த்துவிட்டு மாரப்பன்: "என்னங்க பண்றீங்க? மூடுங்க அதை!"
"இது போனா இனி எங்கேயும் இல்லை, மாரப்பன்."
"நீங்க போனா? உங்க பொண்ணுகிட்ட நான் என்னன்னு சொல்றது?"
கொஞ்ச நேரத்தில் மூடிவிடுகிறேன் என்றேன்.

மாலை 5:50
மூடவில்லை. இரண்டு தடவை கை போனது. குமிழிகளுக்குப் பக்கத்தில் குஞ்சுகள் துடிக்கின்றன. தலைவலி. மகள் ரெஹானாவின் முகத்தை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். முடியவில்லை. மாரப்பன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். பேசினால் காற்று செலவாகும்.

நேரம் தெரியவில்லை
திரை மங்கல். என் கண்ணா தெரியவில்லை. குளிர்கிறது. சிலிண்டர் முள் சிவப்பில். குஞ்சுகளின் வயிற்றில் இருந்த மஞ்சள்கருப் பை வற்றிவிட்டது. இனி நீந்த வேண்டியதுதான். நீந்துங்களேன்.

விடிந்திருக்கும்
எழும்பிவிட்டன. ஒரே கொத்தாகத் தகப்பன் தலைக்குமேல். இப்போதுதான் அது விசிறுவதை நிறுத்தியது. மீசையால் பாறையைத் தடவி முன்னே போகிறது, பின்னாலேயே எல்லாம்
மூடிமேல் சுரண்டும் சத்தம். மாரப்பனா. விளக்கைப் போடாதீர்கள். வெளிச்சம் பட்டால் குஞ்சுகள் சிதறிவிடும். அவை முதலில் போகட்டும் அப்புறம் என்னை