மிதக்கும் ஆர்மும் மெலிந்த இடது பக்கமும்

மார்ச் 4, செவ்வாய்

ஆர்ம் மிதந்துவிட்டது. சாயங்காலம் ஐந்தரைக்கு பம்பைப் போட்டேன். உறை குழாயை விட்டு மயிரிழை அளவு எழும்பி நின்றது. வாயால் லேசாக ஊதினால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகிறது.

ஆறு மாதம் கழித்துப் படித்தால் எனக்கே புரியாது, அதனால் எழுதி வைக்கிறேன். மற்ற ரெக்கார்ட் பிளேயர்களில் ஊசியைத் தாங்குகிற ஆர்ம் ஒரு மூலையில் நின்றுகொண்டு வளைந்து வரும். இது நேர்கோட்டில் போகும். ரெக்கார்டுக்கு மேலே குறுக்காக ஒரு பித்தளைக் குழாய், அது நிறைய ஊசிமுனைத் துளைகள். மீன்தொட்டிக்கு வைக்கிற பம்பிலிருந்து வரும் காற்று அந்தத் துளைகள் வழியே கசிகிறது. குழாயின் மேல் ஓர் உறை, உறையில் ஆர்ம், ஆர்ம் நுனியில் ஊசி. உறை குழாயைத் தொடுவதே இல்லை.

குழாயும் உறையும் தம்பி கடைந்து கொடுத்தது. மணிக்கட்டு முறிந்து பதினாலு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தவன் வீட்டிலுள்ள கடைசல் லேத்தில் கை வைத்துச் செய்த முதல் நுணுக்க வேலை. ஏப்ரல் 2 அன்று ஒரு பட்டறையில் அவனை ஒரு நாள் முழுக்க வேலை செய்ய வைத்துப் பார்க்கப்போகிறார்கள். தேறினால் வேலை. "இது அதுக்கு ஒத்திகைதான்கா," என்றான்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்ல ஒரு மீனு இல்ல, பம்பு மட்டும் ஓடுது," என்று போய்விட்டார்.

ஒரு ரெக்கார்ட் முழுக்கக் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மெலிந்து கேட்கிறதோ?

மார்ச் 6, வியாழன்

மெலிந்துதான் கேட்கிறது. பாடுகிறவர் நடுவில் நிற்க வேண்டும். வலது ஸ்பீக்கர் பக்கமாக ஒதுங்கி நிற்கிறார்.

ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குழாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. காற்றில் மிதக்கிற சாமானுக்கு அந்தச் சின்ன இறக்கமே போதும், தானாக வழுக்கிக்கொண்டு போகும். பழைய எக்ஸ்ரே பிலிமைத் துண்டு போட்டு ஒரு காலுக்கு அடியில் செருகினேன். (தம்பியின் மணிக்கட்டு எக்ஸ்ரேதான். இனி அதை யார் பார்க்கப்போகிறார்கள்.) இப்போது ஆர்ம் வைத்த இடத்தில் நிற்கிறது.

இடது பக்கம் அப்படியே இருக்கிறது.

மார்ச் 8, சனி

பம்புக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு பெரிய சோடா பாட்டிலைக் கோத்தேன். பம்பு விட்டு விட்டு ஊதுகிறது. பாட்டிலில் தேங்கி வந்தால் காற்று சீராக வரும். வந்தது. அடியில் இருந்த உறுமல் போய்விட்டது. பிறகு ஊசியிலிருந்து வரும் நாலு ஒயரையும் கழற்றிவிட்டு இன்னும் மெல்லியதாகப் பற்றவைத்தேன். மூச்சுவிட்டால் பறக்கிற ஒயர். இரண்டு முறை அறுந்தது.

இடது பக்கம்? கேட்காதே.

மார்ச் 10, திங்கள்

நான் லென்ஸ் தேய்க்கிற கடைக்குக் கண்ணாடி வாத்தியார் மறுபடி வந்தார். மூன்றாவது முறை. லென்ஸ் கோணலாக இருக்கிறதாம், எழுத்து மங்கலாம். நான் தேய்த்த லென்ஸ். அவர் எதிரிலேயே வைத்து அளந்து காட்டினேன். சீட்டில் எழுதியிருந்தது எதுவோ அதுதான் லென்ஸிலும். "சார், கண்ணாடில ஒண்ணும் இல்ல. பவர் மாறியிருக்கும், டெஸ்ட் பண்ணிப் பாருங்க," என்றேன். "என் கண்ணப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று கோபித்துக்கொண்டு போனார். அவர் போனதும் முதலாளியும் நானும் சிரித்து முடிக்க நேரமானது. தினம் ஒருத்தர் இப்படி. குறை எல்லாம் கண்ணாடியில், கண் மட்டும் பத்தரை மாற்று.

மார்ச் 11, செவ்வாய்

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். உறையின் துளை கோணலாக விழுந்திருக்க வேண்டும். துளை கோணல் என்றால் ஆர்ம் சாயும், ஆர்ம் சாய்ந்தால் ஊசி சாயும், ஊசி சாய்ந்தால் ஒரு பக்கம் மெலியும். ஊசிக்கு அடியில் சின்னக் கண்ணாடித் துண்டை வைத்துப் பார்த்தால் நேராகத்தான் தெரிகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கோணலும் உண்டே.

தம்பியைக் கூப்பிட்டேன், வந்தான். உட்கார்ந்து கேட்டுவிட்டு, "எனக்கு வித்தியாசம் தெரியலக்கா," என்றான்.

"இருபது வருஷம் லேத் பக்கத்துல நின்னவனுக்கு எப்படித் தெரியும்?"

"அளந்துதான்கா போட்டேன்."

"அளந்து போட்டா ஏன் சாயுது? உன் கை முந்தி மாதிரி இல்லடா. அத ஒத்துக்கோ."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அவன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே உறையையும் குழாயையும் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

நான் சொன்னது தப்பா? கோணல் என்றால் கோணல்தானே.

மார்ச் 15, சனி

புதுக் குழாய், புது உறை. அவன் வரவில்லை, அவன் மனைவி கொண்டுவந்து கொடுத்தாள். மாட்டினேன். முன்னைவிட வழவழப்பு. பிசிறு என்று விரல் வைக்க ஓர் இடம் இல்லை.

இடது பக்கம் மெலிவு. அதே அளவு. அச்சு அசலாக அதே.

அவளிடம் மாட்டிக் காட்டியிருக்கக் கூடாது. என் முகம் காட்டிக் கொடுத்துவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

அவள் போன் செய்தாள். "அண்ணி, பட்டறைக்குப் போகலன்னு சொல்லிட்டாரு. ரெண்டு தடவ செஞ்சும் வரல, அங்க போய் மானத்த வாங்கணுமான்னு கேக்குறாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

நான் சொன்னதால்தான் இது. இனி என்ன சொல்வது?

மார்ச் 19, புதன்

ஊசிக்குப் பின்னால் இடது ஒயரையும் வலது ஒயரையும் மாற்றி மாட்டினேன். குறை ஊசியிலோ ஆர்மிலோ இருந்தால் இப்போது வலது பக்கம் மெலிய வேண்டும். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஏன் செய்யவில்லை? தம்பி கடைந்தது கோணல் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டேன், அதனால்.

மாறவில்லை. இடதுதான்.

அப்படியென்றால் ஆர்மில் குறையில்லை. குழாயில் இல்லை. உறையில் இல்லை. பழைய உறையிலும் இல்லை!

அவனிடம் உடனே சொல்லலாம். ஆனால் "பின்ன எதுலக்கா?" என்று கேட்பானே. தெரிந்துகொண்டு சொல்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

ஆம்ப்ளிஃபயரில் ஒயரை மாற்றினேன். இடது. ஸ்பீக்கர்களைத் தூக்கி இடம் மாற்றினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. இடது. இடது பக்க ஜன்னல் திரைதான் சத்தத்தைக் குடிக்கிறது என்று அதையும் கழற்றினேன். இடது.

"எனக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதாம்மா கேக்குது," என்கிறார் வீட்டுக்காரர். நாளெல்லாம் பஸ் ஓட்டுகிற காது. அவர் சாட்சி செல்லாது.

எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. மாற்றாதது என்ன மிச்சம்? பித்துப் பிடித்துவிடும்போல் இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மத்தியானம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பம்பு டியூபில் எங்கோ காற்று ஒழுகுகிற மாதிரி இருந்தது. டியூப் என் நாற்காலிக்குப் பின்னால் சுவரோரம் போகிறது. ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண்டிபோட்டு அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கியது. ஜன்னல் பக்கம்தான் இடது ஸ்பீக்கர். மூன்று வாரமாக மெலிந்து கிடந்த ஸ்பீக்கர்.

எழுந்து திரும்பினேன். ஜன்னல் பக்கம் மெலிந்தது. மறுபடி முதுகைக் காட்டினேன். கதவுப் பக்கம் மெலிந்தது. திரும்பினேன். திரும்பினேன்.

"என்னம்மா பண்ற, தட்டாமால சுத்துற?"

"ஒண்ணுமில்ல."

குளியலறைக்குப் போய் அவருடைய கைக்கடிகாரத்தை வலது காதில் வைத்தேன். டிக் டிக். இடது காதில் வைத்தேன். வைத்தேன். அழுத்தி வைத்தேன்.

மார்ச் 24, திங்கள்

மாற்றாதது நான்தான்.

மார்ச் 26, புதன்

காது டாக்டர். சின்ன அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். இடது காதுக்குப் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. தாளில் ஒரு கோடு சமதரையாகப் போகிறது, இன்னொன்று சரிந்து விழுகிறது.

"வேலை செய்யற இடத்துல சத்தம் உண்டா?"

"லென்ஸ் தேய்க்கற மெஷின் இருக்கு."

"உங்களுக்கு எந்தப் பக்கம்?"

இடது பக்கம். பத்தொன்பது வருஷமாக இடது பக்கம்.

போனது திரும்ப வராதாம். இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாமாம். எதற்கும் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். பஸ் நிறுத்தத்தில் அழுதேன். காதுக்காகவா தம்பிக்காகவா என்று தெரியவில்லை.

கண்ணாடி வாத்தியார் நினைவு வந்தது. எப்படிச் சிரித்தேன் அன்றைக்கு.

மார்ச் 28, வெள்ளி

தம்பி வீட்டுக்குப் போனேன். லேத்தின் மேல் துணி போட்டு மூடி வைத்திருந்தான். டாக்டர் கொடுத்த தாளை நீட்டினேன். வரைபடம் பார்த்துப் பழகியவன், ஒரு பார்வையில் பிடித்துவிட்டான். சந்தோஷப்படுவான் என்று நினைத்துப் போயிருந்தேன். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"நான் பட்டறைக்குப் போகணும்னு இதக் கொண்டாந்தியா?"

"என்னடா சொல்ற?"

"வேற யாரோட தாளோ. எனக்காகப் பொய் சொல்லாதக்கா. கை போச்சுன்னா போச்சு, நான் பாத்துக்கறேன்."

தாளில் என் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது. அதையும் காட்டினேன். "சரி," என்றான், கண் தெரியாதவன் மாதிரி. என்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை, பாவி: நான் கோணல் என்றால் அது கோணல்தான். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் அவனை அடித்திருக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

சொன்னால் நம்பமாட்டான். அளந்தால் நம்புவான். இதுகூட மூன்று வாரமாக எனக்குத் தோன்றவில்லை. காது இருக்கும்போது வோல்ட் பார்க்கிற மீட்டர் எதற்கு என்ற திமிர். ஒரே சீரான ஊதல் சத்தம் பதிந்த ரெக்கார்ட் ஒன்று என்னிடம் இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே அளவில் வரும். "என் மீட்டர் ஓடல, உன்னோடத எடுத்துட்டு வா, அந்தப் பழைய குழாயையும் உறையையும் சேத்து," என்று ஒரு பொய் சொல்லி வரவழைத்தேன். வந்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

முதலில் அவன் கடைந்த பழைய உறை. இடது, வலது இரண்டையும் அவனே அளந்தான். தலைமுடியளவுதான் வித்தியாசம். புது உறை. அதுவும் அப்படியே. மூன்று முறை திரும்பத் திரும்ப அளந்தான். பிறகு என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஒரு நேரம் ஒரு ஸ்பீக்கர் மட்டும் ஓடவிட்டு மெதுவாகக் குறைத்துக்கொண்டே வந்தான். "நின்னா சொல்லு."

"நின்னுடுச்சு."

 கண்ணைத் திறந்தேன். இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்து காதை வைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னும் ஓடுதுக்கா," என்றான்.

எழுந்து போய் ஊசியைத் தூக்கிவிட்டேன். நான்தான் சொன்னேன், "உன் கையச் சொன்னது தப்புடா." "மூணு வாரம்கா," என்றான் அவன். "மூணு வாரம் நான் சாப்பிடல." திட்டட்டும் என்று இருந்தேன். திட்டவில்லை. போகும்போது பழைய உறையைக் கையில் எடுத்துப் பார்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஏப்ரல் 2, புதன்

காலை ஏழரைக்கு அவன் மனைவியிடமிருந்து போன். பட்டறைக்குப் போய்விட்டான்.

ஏப்ரல் 7, திங்கள்

ஸ்கேனில் ஒன்றுமில்லை. நல்லதா, கெட்டதா? நல்லது என்றார்கள். கடையில் காதுக்கு மூடி வாங்கித் தந்தார் முதலாளி. வாத்தியார் டெஸ்ட் எடுத்து வந்திருந்தார், பவர் மாறியிருந்தது. புது லென்ஸை மாட்டிக்கொண்டு, "அப்பவே நீங்க சொன்னீங்க," என்றார். அவருக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். 

ஏப்ரல் 13, ஞாயிறு

தம்பி வேலையில் சேர்ந்து இன்றைக்குப் பத்து நாள். போனில் பேசினான், வலது காதில் வைத்துக் கேட்டேன். "லேத் எந்தப் பக்கம் சத்தம் போடுதுன்னு பாத்துட்டுத்தான்கா நிக்கிறேன்," என்றான். என்னைக் குத்துகிறானா, எனக்காகச் சொல்கிறானா? இரண்டும் இருக்கும்.

ஆர்மில் கை வைக்கவில்லை. நாற்காலியை மட்டும் ஜன்னல் பக்கமாக ஒன்றரை முழம் நகர்த்தினேன். பாடுகிறவர் நடுவுக்கு வந்துவிட்டார். அல்லது வந்துவிட்டதாக நான் வைத்துக்கொண்டேனா, சொல்லத் தெரியவில்லை.

நான் எழுந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் கேட்டார்.

"இடது பக்கமா இழுக்குதேம்மா. உன் தம்பி குழாய்ல ஏதாவது கோளாறா?"

"குழாய்க்கு ஒண்ணும் இல்ல," என்றேன். "எந்திரிங்க, அது என் நாற்காலி."