ஞாயிற்றுக்கிழமைக் கந்தோர்

29.8.1976 ஞாயிறு

இன்றும் கந்தோர். இன்றும் கனத்த கருங்காலி ரூளர் பறந்தது. இந்த முறை மூன்றாம் கிளாக்கர் ஜுனைதீனின் காதில். தோல் கிழிந்து இரத்தம் கழுத்துவரை வடிந்தது. அவன் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு கூட்டலைத் தொடர்ந்தான். எறிந்தவர் எங்கள் பெரிய கிளாக்கர் சின்னத்துரை. "ஐசே, ரத்தம் பேரேட்டில படக்கூடாது, விளங்குதோ?" என்றார். மனுசனா இவர்?

அரசாங்கம் தோட்டத்தை எடுத்து ஒரு வருடமாகவில்லை. பழைய கம்பனியின் கணக்கை முடித்து வருமான வரிக் கந்தோருக்குக் கொடுக்கவேண்டும். புதிய கூட்டுத்தாபனத்துக்கு வேறு கணக்கு. இரண்டுக்கும் நடுவில் தொழிலாளரின் வரவும் சம்பளமும் எழுதும் செக்ரோல். ஆறு பேர் செய்த வேலைக்கு இப்போது மூன்று பேர். கணக்குச் சரிவரும்வரை பெரியவர் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொள்கிறார். இரண்டாம் கிளாக்கர் நான், நாற்பது வயதுக்காரன், மூத்திரத்துக்கும் அவரிடம் கேட்டுத்தான் போகவேண்டும்!

31.8.1976

தோட்டத்தை நடத்த வந்திருக்கும் புதுத் துரையிடம் போனேன். "இன்னுமொரு கிளாக்கர் தாருங்கள், இல்லாவிட்டால் ஞாயிறையாவது விடுங்கள். ஜுனைதீன் நோன்போடு வேலை செய்கிறான், பிழை வரப்போகிறது" என்று சிங்களத்திலேயே பக்குவமாகச் சொன்னேன். தலையைத் தூக்காமலே "பெரிநம் யன்ட" என்றார். முடியாவிட்டால் போ. அவ்வளவுதான்.

வெளியே வந்து றப்பர் மரமொன்றைக் காலால் உதைத்தேன். பெருவிரல் வீங்கிவிட்டது. மரத்துக்கு ஒன்றுமில்லை.

3.9.1976 வெள்ளி

ஜும்மாத் தொழுகைக்குக்கூட விடவில்லை. ஜுனைதீன் மேசையில் தலை சாய்ந்து உறங்கிவிட்டான். பெரியவர் கூசாத் தண்ணீரை அப்படியே அவன் தலையில் ஊற்றினார். எழும்பி, ஈரச் சட்டையோடு எழுதினான். பேனாவை அழுத்தி முனையை உடைத்துவிட்டேன். பயத்தில் இல்லை.

6.9.1976

சாப்பாட்டுக் கோப்பையைச் சுவரில் அடித்துவிட்டேன். குழம்பில் உப்புக் கூடிவிட்டதாம் – அதற்கு! மனைவி மனோகரி சோற்றைக் கூட்டி அள்ளியபடி சொன்னாள்: "கந்தோர்ச் சன்னதத்தைக் கந்தோரிலேயே இறக்கிப்போட்டு வாங்கோ. நானும் பெட்டையளும் உங்களுக்கு என்ன செய்தனாங்கள்?"

அவளை அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. கண்ணை மூடினாலும் இலக்கங்கள்தான் ஓடுகின்றன.

10.9.1976

கை வலிக்கிறது. நாளைக்கு.

11.9.1976 சனி

எழுதியே ஆகவேண்டும்.

நேற்றுச் சம்பள நாள். றப்பர்ப் பால் வெட்டுகிறவர்கள் மழை பிடித்தால் பாதியில் திரும்புவார்கள். அன்றைக்குச் செக்ரோலில் அவர்களுக்கு அரைப் பேர்தான் விழும், பாதிச் சம்பளம். ஜுனைதீன் ஒரு மழைநாளின் அரைப் பேரை அடுத்து வந்த வெயில் கிழமை முழுவதுக்கும் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். கங்காணி இருளப்பனின் ஆட்கள் எல்லோருக்கும்! கண்ணைத் திறந்தபடியே உறங்கியிருக்கிறான் பாவி. சரிபார்த்தவன் நான். என் கண்ணுக்கும் படவில்லை.

சம்பள யன்னலில் முதலில் நின்றவள் தங்கம்மா. "வெயில்ல வெட்டுன பாலுக்கு அரப்பேராய்யா? எங்க வயித்துல மண்ணள்ளிப் போடுறீங்களே!" என்று கத்தினாள். அவ்வளவுதான், கல் விழத் தொடங்கியது. கண்ணாடி நொறுங்கி மேசையெல்லாம் கொட்டியது. நாங்கள் ஓட வழியில்லை, கதவு பூட்டு. இருளப்பன் கோடரியால் அதைப் பிளந்தான். கூட்டம் உள்ளே.

பெரியவர் ஜுனைதீனின் சட்டையைப் பிடித்து முன்னே தள்ளினார். "இவன்தான் எழுதினவன்! இவனைக் கேளுங்கோ!"

கூட்டத்திலிருந்து பொல்லால் ஒரே அடி. மண்டை பிளந்து விழுந்தான். விழுந்தவனை மிதித்தார்கள்.

பிறகு ரூளர் என் கையில் இருந்தது. நான் அடித்தது கூட்டத்தை இல்லை. சின்னத்துரையை. வாயில், தோளில், அவர் விழுந்த பிறகு முழங்கையில். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கேட்ட பிறகும் அடித்தேன். சனம் வாயைப் பிளந்துகொண்டு நின்றதாம். இருளப்பன்தான் பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்தான். "விடுங்கய்யா, விட்டுருங்க! செத்துருவாருய்யா!" எங்களை அடிக்க வந்தவன்!

இருவரையும் தோட்ட லொறியில் கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு வெட்கமில்லை. துக்கமுமில்லை. உடம்பு இலேசாக இருக்கிறது. எத்தனையோ கிழமைக்குப் பிறகு நேற்றுத்தான் அயர்ந்து உறங்கினேன்.

20.9.1976

விசாரணை முடிந்தது. தொழிலாளருக்கு முழுப் பேரும் போட்டாயிற்று. தொழிற்சங்கக்காரரும் அடங்கிவிட்டார். பொலிசுக்கு ஒருவரும் போகவில்லை. நான் முன்பே போய் ஆள் கேட்டது மேலிடத்துக்குத் தெரிந்தால் துரையின் கதிரை ஆடும், அதுதான் காரணம். இன்றைக்கு என்னை "மஹத்தயா" என்று மரியாதையாகக் கூப்பிட்டு இருக்கச் சொன்னார்.

சின்னத்துரைக்குக் கட்டாய ஓய்வு. வலக்கை இனி மடங்காதாம். இரண்டு புதுக் கிளாக்கர்கள் வருகிறார்கள். ஞாயிறு கந்தோர் மூடல். பெரிய கிளாக்கர் வேலை எனக்கு. கேட்டபோதே தந்திருந்தால் என்னடா குறைந்துபோயிருக்கும்? இரண்டு மனுசரை உடைத்துப் பார்த்தால்தான் உங்களுக்கு விளங்குமோ, நாய்களே!

11.10.1976

வரிக் கணக்கு அனுப்பியாயிற்று. வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தேன். ஜுனைதீனும் இன்றைக்கு வேலைக்குத் திரும்பினான்.

24.10.1976 ஞாயிறு

விடுமுறை. கோழிக்கறி. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

பின்னேரம் ஜுனைதீன் வந்தான். தையல் போட்ட இடத்தில் மயிர் முளைக்கத் தொடங்கியிருக்கிறது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றே வேறு தோட்டத்துக்கு மாற்றம் கேட்டான்.

"ஏன் காணும்? ஆள் கூட்டியாச்சு, ஞாயிறு லீவு, கந்தோர்க் கதவும் திறந்து கிடக்கு. ஆர் உம்மை என்ன சொன்னது? நான் ஆருக்காக அடிச்சனான்?"

கீழே பார்த்தபடி சொன்னான்: "ஒங்களுக்கு நான் கடமப்பட்டவன் சேர். ஆனா அண்டைக்குக் கீழ உழுந்து கெடக்கச்செல ஒங்கட மொகத்த நான் பாத்தன். சின்னத்துரை சேர் கோவம் வந்தாத்தான் எறிவார். நீங்க சிரிச்சிக்கொண்டு அடிச்சீங்க."

சிபாரிசுக் கடிதத்தை நல்ல வார்த்தையாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, படலை வரைக்கும் எனக்கு முதுகு காட்டாமலே போனான்.